டிசம்பரில் சூரியன் எழாத ஊருக்கு சோலார் எதற்கு?

மலேசியாவின் பினாங்கில் கூரைமேல் சோலார் போடுவது இப்போது சாதாரணப் பேச்சு. மின் நிறுவனமான தெனாகாவின் பில் எவ்வளவு குறையும், போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும் என்பதோடு விஷயம் முடிந்துவிடும். அதே ஆட்கள் அலாஸ்காவிலும் கனடாவின் வடகோடியிலும் சைபீரியாவிலும் பனிக்கு நடுவே பேனல்கள் வரிசை வரிசையாக நிற்கும் படத்தைப் பார்த்தால் குழம்பிப் போகிறார்கள். குளிர்காலம் முழுக்க இருட்டு, மைனஸ் 40 டிகிரி குளிர். அங்கே வெயிலை நம்பி யார் பணம் போடுவார்?

டீசலை ஊரைவிட்டே விரட்டலாம் என்று நினைத்து அங்கே யாரும் சோலார் போடவில்லை. மார்ச் முதல் செப்டம்பர் வரை டீசல் எஞ்சினை எத்தனை மணி நேரம் அணைத்து வைக்க முடியுமோ அத்தனை மணி நேரம் அணைத்து வைப்பதற்காகப் போடுகிறார்கள். பேனலை ஏன் சுவர் மாதிரி நிறுத்துகிறார்கள், பேட்டரி ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது, பணம் எப்படித் திரும்புகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் வெயில் கணக்கு

ஓர் ஊருக்கு வருடத்தில் கிடைக்கும் பகல் நேரம், பூமியில் எங்கே இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான்: வருடத்தின் பாதி, சுமார் 4,380 மணி நேரம். பினாங்குக்கு அது தினமும் 12 மணி நேரமாகப் பிரித்துக் கிடைக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கும் ஊருக்குக் கோடையில் மொத்தமாகக் கொட்டிவிட்டு, குளிர்காலத்தில் கையை விரித்துவிடுகிறது.

பகல் நேரம் ஒன்றானாலும் வெயிலின் பலம் ஒன்றல்ல. அதைச் சூரியன் வானத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் நண்பகல் உயரத்தை எளிதாகக் கணக்கிடலாம். 5.4 டிகிரி அட்சரேகையில் உள்ள பினாங்கில், வருடத்தின் மோசமான நாளான டிசம்பர் 21 அன்றுகூட நண்பகல் சூரியன் 61 டிகிரி உயரத்தில் இருக்கும். கனடாவின் யூக்கான் பகுதியில், 67.6 டிகிரியில் இருக்கும் ஓல்ட் குரோ கிராமத்தில் ஜூன் 21 அன்று 46 டிகிரி. அதுதான் அங்கே உச்சம். மார்ச் 21 அன்று 22 டிகிரி. டிசம்பரில் சில வாரங்கள் சூரியன் தலைகாட்டுவதே இல்லை.

சூரியன் 20 டிகிரி உயரத்தில் இருந்தால், தலைக்கு மேல் நிற்கும்போது கடக்கும் காற்றைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றைக் கடந்துதான் வெளிச்சம் வரவேண்டும். வழியில் கொஞ்சம் சிதறிவிடும். இது உண்மையான இழப்பு. ஆனால் கிடைமட்டத் தரையில் வெயில் பரவி மெலிந்துபோவது என்ற இன்னொரு இழப்பை, பேனலை நிமிர்த்தி வைத்தால் பெருமளவு மீட்டுவிடலாம்.

குளிரில் பேனல் கூடுதலாகவே உழைக்கும்

பேனலுக்குத் தேவை வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சிலிக்கான் பேனலில் அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 விழுக்காடு உற்பத்தி குறையும். மத்தியான வெயிலில், பினாங்கின் பட்டர்வொர்த் ஊரில் ஒரு கூரைமேல் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது, 35 டிகிரிக்கு 12 விழுக்காடு போய்விடுகிறது. வடகோடியில் ஏப்ரல் மாதம் வெயிலில் நிற்கும் பேனல் மைனஸ் 5 டிகிரியில் இருந்தால், அதே கணக்கில் 10 விழுக்காடு கூடுதலாகத் தரும். பூமத்திய ரேகைப் பக்கம் இருப்பதால் நமக்குத்தான் சோலார் என்ற பெருமையில் பாதிதான் சரி.

ஆனால் இந்த லாபத்தோடு ஓர் ஆபத்தும் வருகிறது. சூடான நாட்டில் பழகிய பொருத்துநர் முதலில் தவறுவது இங்கேதான்.

குளிரில் ஏறுவது வோல்ட். இணைப்புக் கொடுக்காத நிலையில் 50 வோல்ட் காட்டும் பேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிகிரிக்கு 0.27 விழுக்காடு மாறும் என்று அதன் தகவல் தாளில் இருக்கிறது. பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 600 வோல்ட்.

1. பினாங்கில் காலை ஏழரை மணிக்கு செல் சுமார் 25 டிகிரி. 12 பேனல்களை ஒரே ஸ்ட்ரிங்காகத் தொடராக இணைத்தால் 600 வோல்ட். விளிம்பில் இருந்தாலும் தாங்கிவிடும்.

2. ஓல்ட் குரோவில் பிப்ரவரிக் காலை, மைனஸ் 45 டிகிரி. 25 டிகிரியிலிருந்து 70 டிகிரி கீழே. 70ஐ 0.27ஆல் பெருக்கினால் 18.9 விழுக்காடு. ஒரு பேனல் 59.5 வோல்ட் தரும். அதே 12 பேனல் ஸ்ட்ரிங் 713 வோல்ட்டைத் தாண்டும். இன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் அன்றைக்கே போய்விடும்.

3. ஆகவே அந்தக் குளிருக்கு ஸ்ட்ரிங்குக்கு 10 பேனல்தான் உச்சம், 595 வோல்ட். அதைவிடக் குளிரும் வரலாம் என்பதால் நிதானமான ஆள் 9 போடுவார்.

விடியற்காலை வெளிச்சம் மங்கலாகத்தானே இருக்கும் என்று வாதிட்டுப் பயனில்லை. ஆம்பியர்தான் வெளிச்சத்தோடு சேர்ந்து மெல்ல ஏறும். வோல்ட் சிறு வெளிச்சத்திலேயே கிட்டத்தட்ட முழு அளவுக்கு எழும்பிவிடும், செல்லோ இரவுக் குளிரில் அப்படியே உறைந்து கிடக்கும். சராசரிக் குளிரை வைத்தும் கணக்கிடக் கூடாது. அந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையை வைத்துத்தான் போட வேண்டும்.

சுவர் போல நிற்கும் பேனல்கள்

நம் ஊரில் 10 டிகிரி சாய்வு வைப்பது வெயிலுக்காக அல்ல. மழை பெய்தால் தூசியும் பறவை எச்சமும் வழிந்து ஓட வேண்டும், அவ்வளவுதான். வடக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் வருட உற்பத்தியில் பெரிய வித்தியாசம் வராது. வடகோடியில் சாய்வும் திசையும்தான் முழு வடிவமைப்பு. 60 டிகிரி, 70 டிகிரி, சில இடங்களில் 90 டிகிரி என்று நிமிர்த்தியே வைக்கிறார்கள்.

தாழ்வான சூரியனுக்கு நேர் முகம் காட்டுவது ஒரு காரணம். பெரிய காரணம் பனித்தரை. புல்தரை தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதுப் பனி 80 விழுக்காட்டுக்கு மேல் அனுப்பும். 10 டிகிரி சாய்ந்த பேனலின் பார்வையில் தரை ஒரு விழுக்காடுகூட இல்லை. செங்குத்தாக நிற்கும் பேனலுக்குப் பார்வையில் பாதி வானம், பாதி தரை. ஆகவே பனியிலிருந்து எழும் வெளிச்சத்தில் பாதி அதற்குப் போய்ச் சேரும். பின்பக்கமும் மின்சாரம் தரும் இருமுகப் பேனலாக இருந்தால் இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்ளும். வடகோடியில் பேனல் வெளுத்து வாங்கும் மாதங்கள் ஏப்ரலும் மேயும்தான்: நீண்ட பகல், தெளிந்த வானம், கடுங்குளிர், இன்னும் உருகாத பனி. ஜூலைக்குள் பனி உருகிவிடும், மேகமும் கூடும், ஏப்ரல் தந்ததை அது தருவதில்லை.

திசையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஜூன் மாதச் சூரியன் அங்கே அடிவானத்தைச் சுற்றி வட்டமடிக்கிறது. ஓல்ட் குரோவில் நள்ளிரவில் வடக்கே, அடிவானத்துக்கு ஒரு டிகிரி மேலே நிற்கும். தெற்கே மட்டும் பார்க்கும் பேனலுக்கு நண்பகலில் கூர்மையான உச்சம் கிடைக்கும், காலையும் மாலையும் வீணாகும். பாதியைக் கிழக்கும் பாதியை மேற்கும் பார்க்க வைத்தால் உச்சம் தாழ்ந்து, உற்பத்தி நாள் முழுக்கப் பரவும். சின்ன ஊர் மின்கட்டத்துக்கு இதுதான் தோது. ஏன் என்பது டீசல் பகுதியில் வரும்.

படுத்த பேனலில் பனி தேங்குவதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்பாராதது, நிமிர்ந்த பேனலில் வழுக்கி இறங்கும் பனி கீழ் விளிம்பில் ஒரு விரற்கடை உயரத்துக்கு உறைந்து நிற்பது. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் முழுச் செல்கள் கொண்ட சாதாரணப் பேனலில் அவை மூன்று குழுக்களாக, நீளவாக்கில் இணைக்கப்பட்டவை. நிழல் விழுந்த குழுவைத் தாண்டி மின்சாரம் போக வழிவிடும் பைபாஸ் டயோடு, குழுவுக்கு ஒன்று. பேனலை நெட்டுவாக்கில் நிறுத்தியிருந்தால் கீழ் வரிசைச் செல்கள் மூன்று குழுக்களிலும் இருக்கும். அந்த ஒரு விரற்கடைப் பனி மூன்றையும் முடக்கிவிடும். படுக்கைவாக்கில் வைத்திருந்தால் கீழ்க் குழு ஒன்றுதான் போகும், மூன்றில் இரண்டு பங்கு தப்பும். செலவே இல்லாத திருத்தம், ஆனால் முதலிலேயே செய்தாக வேண்டும். கீழ் விளிம்பைத் தரையிலிருந்து ஒரு மீட்டராவது உயர்த்துவதும் அவசியம். இறங்கும் பனியும் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனியும் சேர இடம் வேண்டுமே.

நிமிர்த்துவதற்கு விலை இடம். சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது 2 மீட்டர் உயரப் பேனல் வரிசையின் நிழல் 11 மீட்டருக்கு மேல் நீளும். வரிசைகளை அவ்வளவு தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

டீசல் எஞ்சினோடு குடித்தனம்

இந்த ஊர்களுக்கு வெளியிலிருந்து மின்கம்பி வருவதில்லை. கனடாவின் நுனாவுட் பகுதியில் உள்ள 25 ஊர்களும் தனித்தனியே டீசல் ஜெனரேட்டரை வைத்துத்தான் ஓடுகின்றன. கடல் உருகியிருக்கும் சில வாரங்களில் கப்பலில் வரும் எரிபொருளை வருடம் முழுமைக்கும் தொட்டிகளில் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். ஓல்ட் குரோவுக்குச் சாலையே கிடையாது, டீசல் விமானத்தில் போகிறது. ஒரு லிட்டர் டீசல் நல்ல எஞ்சினில் மூன்றரை முதல் நான்கு யூனிட் மின்சாரம் தரும். அந்த லிட்டரை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு முழுவதும் இந்த நான்கு யூனிட் தலையில்தான் விழுகிறது.

வெயில் வந்ததும் டீசலைக் குறைத்தால் போயிற்று என்று தோன்றும். டீசல் எஞ்சினை அப்படி இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. அதன் திறனில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே நீண்ட நேரம் ஓடினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாமல் எரிபொருள் அரைகுறையாக எரியும். எரியாத டீசலும் கரியும் கலந்த கறுப்புப் பிசுக்கு புகைக்குழாய் இணைப்புகளில் கசிந்து வழியும். வால்வும் டர்போவும் கரி பிடிக்கும். ஆகவே எஞ்சினுக்கு ஒரு குறைந்தபட்சச் சுமையை விட்டே ஆக வேண்டும்.

கணக்குக்காக ஓர் ஊர்: 300 கிலோவாட் எஞ்சின், கோடை நண்பகலில் ஊரின் தேவை 180 கிலோவாட். எஞ்சினுக்கு 90 விட்டாக வேண்டும். மீதம் 90தான் சோலாருக்கு. 400 கிலோவாட் பேனல் போட்டு, நல்ல வெயிலில் முழு உற்பத்தி வந்தால், 310 கிலோவாட்டை இன்வெர்ட்டரே வெட்டிவிடும். பணம் போட்டு வாங்கிய வெயில் போகிற இடமில்லாமல் நிற்கும். உச்சத்தைத் தாழ்த்திப் பரப்பும் கிழக்கு-மேற்கு அமைப்பு இங்கேதான் உதவுகிறது: மொத்த யூனிட் சற்றுக் குறைந்தாலும், பயன்படும் யூனிட் கூடும்.

இதிலிருந்து வெளியேற இரண்டு வழி. கோடைக்கென்று 100 கிலோவாட் சின்ன எஞ்சின் ஒன்றை வாங்கிவைத்தால் குறைந்தபட்சச் சுமை 30க்கு இறங்கும். முழுத் தீர்வு, எஞ்சினை அணைத்தேவிடுவது. அப்போது ஊர் மின்கட்டத்தின் வோல்ட்டையும் அலைவெண்ணையும் யாராவது பிடித்து நிறுத்த வேண்டும். சாதாரண சோலார் இன்வெர்ட்டரால் அது முடியாது. ஏற்கெனவே ஓடும் கட்டத்தோடு சேர்ந்து ஓடத்தான் அதற்குத் தெரியும். நம் வீட்டில் தெனாகா மின்சாரம் போனால், வெயில் கொளுத்தினாலும் கூரை சோலார் சேர்ந்து அணைவது இதனால்தான். கட்டத்தைத் தானே உருவாக்கும் இன்வெர்ட்டரும் அதன் பின்னால் ஒரு பேட்டரியும் இருந்தால்தான் டீசல் அறையில் சத்தம் நிற்கும்.

பேட்டரியின் வேலை எது

கோடை வெயிலைச் சேமித்து டிசம்பரில் எடுத்தால் என்ன? கணக்குப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு நாளுக்கு 20 யூனிட், வெயிலே பயன்படாத நாட்கள் 60 என்றால் 1,200 யூனிட் வேண்டும். 10 யூனிட் கொள்ளும் வீட்டுப் பேட்டரிகள் 120. தினமும் நிறைந்து காலியாகி ஆயிரக்கணக்கான சுற்றுகள் உழைக்க வேண்டிய பேட்டரி, வருடத்துக்கு ஒரே ஒரு சுற்று ஓடிவிட்டு வயதாகிச் சாகும். எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது. குளிர்காலத்துக்கு டீசலும், காற்று உள்ள இடங்களில் காற்றாலையும்தான். அலாஸ்காவின் கொட்செபு ஊர் 1997லேயே காற்றாலை நிறுவியது. அங்கே காற்றாலையும் சோலாரும் ஒன்றின் மாதத்தை மற்றொன்று நிரப்புகின்றன.

பேட்டரி இருப்பது மேகத்துக்காக. மேகம் கடந்து சோலார் சில நொடிகளில் பாதியாக விழும்போது, எஞ்சின் சூடேறி இணையும்வரை ஊரைத் தாங்க வேண்டும்; ஒன்றிரண்டு மணி நேர உபரியை விழுங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் அளவு சின்னது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. மின்சாரத்தை எடுக்கலாம், ஏற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன்மேல் உலோகமாகப் படியும். கொள்ளளவு நிரந்தரமாகப் போகும், உள்ளேயே ஷார்ட் ஆகவும் கூடும். ஈய அமிலப் பேட்டரியில் சிக்கல் வேறு: முழுச் சார்ஜில் மைனஸ் 60 வரை உறையாத அமிலம், காலியான நிலையில் மைனஸ் 10 டிகிரிக்கு முன்பின்னாகவே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். ஆகவே எந்தப் பேட்டரியானாலும் காப்பிட்ட, சூடேற்றிய கண்டெய்னருக்குள்தான். அந்தச் சூட்டுக்கான மின்சாரமும் வருடக் கணக்கில் செலவுப் பக்கத்தில் ஏற வேண்டும். பலர் விட்டுவிடுவது இது.

தரையும் கம்பியும்

அங்குள்ள நிலம் அடியில் நிரந்தரமாக உறைந்தது. மேல் அடுக்கு மட்டும் கோடையில் உருகி, குளிரில் மறுபடி உறையும். உறையும்போது வீங்கி, ஊன்றிய கம்பத்தை வருடம் சில மில்லிமீட்டராகப் பிடுங்கும். ஐந்தாறு வருடத்தில் சட்டம் முறுகிப் பேனல் கண்ணாடி விரிசல் விடும். கம்பத்தை உருகாத அடுக்குக்குள் ஆழமாக இறக்குவது ஒரு வழி, தரையைத் தோண்டாமல் சரளைமேடை போட்டுப் பாரம் வைத்து நிறுத்துவது இன்னொன்று. உறைந்த மண் மின்சாரத்தை எளிதில் கடத்தாது; இரண்டு மீட்டர் செம்புக் கோலை அடித்தால் எர்த் ஆகிவிட்டது என்று எழுதிக் கொடுக்க முடியாது, அளந்து பார்க்க வேண்டும். சாதாரண பிவிசி உறைக் கம்பி மைனஸ் 30ல் வளைத்தால் பீங்கான் போல உடையும்.

ஓல்ட் குரோ: உண்மைக் கணக்கு

சுமார் 250 பேர் வாழும் ஓல்ட் குரோவில் 2021ல் சோலார் திட்டம் ஓடத் தொடங்கியது. 2,160 பேனல்கள், 940 கிலோவாட், 616 யூனிட் கொள்ளும் பேட்டரி. எதிர்பார்த்த சேமிப்பு, வருடத்துக்கு 189,000 லிட்டர் டீசல். ஊரின் மின்சார டீசலில் ஏறத்தாழ கால் பங்கு. லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் என்று பெருக்கி 940ஆல் வகுத்தால், கிலோவாட்டுக்கு வருடம் 700 முதல் 800 யூனிட் வரும். பினாங்கில் அதே ஒரு கிலோவாட் 1,200 முதல் 1,400 வரை தரும். ஆக, ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருந்தும் நம்மில் பாதிக்கு மேல். நம் ஒரு யூனிட் தேசியக் கட்டத்து மின்சாரத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது. அவர்களுடையது விமானம் ஏறி வந்த டீசலை. பாதி விளைச்சலிலும் கணக்கு நேராவது இதனால்தான்.

சோலார் வயல் அந்த ஊர்ப் பழங்குடி மக்களான வுந்துட் குவிச்சின் அரசின் சொத்து. மின்சாரத்தை அவர்கள் மின் நிறுவனத்துக்கு 25 வருட ஒப்பந்தத்தில் விற்கிறார்கள். வெளியூர் நிறுவனம் போட்டுவிட்டுப் போன திட்டங்களில், ஓர் இன்வெர்ட்டர் பலகை போனால் அடுத்த விமானத்தில் ஆள் வரும்வரை பேனல் சும்மா நிற்கும். வருமானம் ஊருக்கு வந்தால் உதிரிபாகம் ஊரிலேயே இருக்கும், அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆளும் இருப்பார்.

சோலார் மிச்சப்படுத்துவது மின்சார டீசலை மட்டுமே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டைச் சூடாக்குவது பெரும்பாலும் எண்ணெயும் விறகும். அதன் தேவை உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் பேனல் தூங்குகிறது.

நம் நாட்டு ஜெனரேட்டர் ஊர்கள்

சரவாக் மாநிலத்தின் உட்பகுதியில், மின்கம்பி எட்டாத நீள்வீடுகள் (பல குடும்பங்கள் ஒரே கூரையடியில் வாழும் நீண்ட வீடுகள்) நெடுங்காலம் டீசல் ஜெனரேட்டரை நம்பியே இருந்தவை. அங்கும் எண்ணெய் ஆற்றுப் படகிலும் காட்டுப் பாதையிலும்தான் போகும். 2016 முதல் சரவாக் அரசு தனது மாற்றுவழி ஊரக மின்திட்டத்தில் அத்தகைய ஊர்களுக்குப் பேனலும் பேட்டரியும் கொண்ட தனி அமைப்புகளைக் கொடுத்து வருகிறது. டீசல் தூரத்திலிருந்து வரும் சிக்கல் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆனால் சரவாக்கில் இருண்ட குளிர்காலம் இல்லை: இன்று மழை என்றால் நாளையோ மறுநாளோ வெயில் உண்டு. அதனால் ஓரிரு நாள் தாங்கும் பேட்டரி இருந்தால் ஜெனரேட்டர் இல்லாமலே ஓட்ட முடிகிறது. இங்கே பேட்டரியைக் கொல்வது சூடு. 45 டிகிரி ஏறும் தகரக் கொட்டகைக்குள் வைத்தால், வடகோடியில் சூடேற்றியில் போகிற காசு இங்கே பேட்டரியைச் சீக்கிரம் மாற்றுவதில் போகும். நிழலான, காற்றோட்டமுள்ள சின்ன அறை ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் பேட்டரியைப் படகில் ஏற்ற வேண்டும்.